உங்க கோலமா, எங்க கோலமா?

அந்த அம்மாளிடம் மணி என்ன என்று கேட்டால், "எந்த ஊர் மணி?" என்பார். கிண்டல் இல்லை. இடது கையில் இரண்டு கைக்கடிகாரங்கள் கட்டியிருப்பார். ஒன்று நியூ ஜெர்சிக்கு, இன்னொன்று மலேசியாவின் ஈப்போவுக்கு. காபி வேண்டுமா என்றால், "எந்தக் காபி? மெஷின் காபியா, மனுஷங்க போட்டதா?" என்பார். வெளியே குளிர் அதிகம் என்று பேச்சுக்குச் சொன்னால், "யாருக்கு?" என்பார். ஒரு வார்த்தையை அவர் முன்னால் வைத்தால் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார். சந்தையில் சட்டி வாங்குகிறவர் மாதிரி திருப்பிப் பார்ப்பார், அடியைத் தட்டிப் பார்ப்பார். மனத்துக்குள் நான் அவருக்கு 'எந்த மேடம்' என்று பெயர் வைத்திருந்தேன். வாயில் வெறும் மேடம்தான்.

நான் படித்தது செராமிக்ஸ். தமிழில் சொன்னால் களிமண். தலைக்குள் இருப்பதையே பாடமாக எடுத்துப் படித்த மாப்பிள்ளை என்று என் மாமனார் ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்வாராம். எண்பதுகளின் நடுவில் குளியலறை டைல்ஸ் செய்யும் ஒரு கம்பெனியில் எஞ்சினியராகச் சேர்ந்து, பிஸ்கட்டவே என்ற ஊரில் ஒரு தரைத்தள அபார்ட்மென்டில் குடியிருந்தேன். கடிதத்தின் பின்பக்கம் ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு, மகன் அமெரிக்காவில் பிஸ்கட் கம்பெனியில் இருப்பதாக அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அதை நான் திருத்தவில்லை. டைல்ஸைவிட பிஸ்கட் கௌரவம்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. பயம் வந்தால் விக்கல் வரும். சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு நாக்கு உலரும். எனக்கு மட்டும் ஆண்டவன் ஒலிபெருக்கி வைத்து அனுப்பியிருக்கிறான். ஊரில் என்றால் யாரோ நினைக்கிறார்கள் என்று சமாளிக்கலாம். அமெரிக்காவில் மீட்டிங்கில் விக்கினால் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு உங்கள் உடல்நலம் விசாரிப்பார்கள். அந்த வருடம் முழுக்க எனக்கு விக்கல். பக்கத்துப் பிரிவில் வேலை போன சிலர் அட்டைப்பெட்டியில் சாமான்களைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். என் கிரீன் கார்டு விண்ணப்பமோ கம்பெனியைப் பிடித்துக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தது. கம்பெனி கையை உதறினால் கார்டும் நானும் சேர்ந்து விழுவோம்.

விக்கல் வந்தால் நான் ஓடுவது கம்பெனி நூலகத்துக்கு. அங்கேதான் எந்த மேடம் இருந்தார். மலேசியாவில் பிறந்து வளர்ந்த தமிழர், பேராக் பக்கம். வேலை செய்கிற இடத்தில் மனிதர்களுக்கு ஒரு விஷயம் எப்படித் தெரியவருகிறது என்று பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. அதற்காக ஊரில் மலாய்ப் பானை செய்கிறவர்களோடு சில காலம் இருந்துவிட்டு, இங்கே எங்களோடு இருக்க வந்திருந்தார். மேஜை மேல் ஒரு கறுப்பு மண்கூஜா வைத்திருப்பார். சுரைக்காய் போல இடுப்பு சிறுத்து, நீண்ட கழுத்தோடு இருக்கும். அவர் ஊர்ப் பானை. அதில் யாரோ உறவினரின் அஸ்தி இருப்பதாக அலுவலகத்தில் பாதிப் பேர் நம்பினார்கள். அதிலிருந்து நான் தண்ணீர் வாங்கிக் குடிப்பதைப் பார்த்த அக்கவுன்ட்ஸ் பெண்மணி ஒரு மாதம் என்னோடு லிஃப்டில் ஏறவில்லை.

"பசியாறியாச்சா தம்பி?" என்பார் காலையில் போனால். சாப்பிட்டாயா என்பதற்கு அவர்கள் ஊர்ப் பேச்சு. எனக்கு அது பிடிக்கும். பசி ஏதோ சூடான பொருள், அதை ஆற்றிவிட வேண்டும் என்பது போல.

முதல் முறை போனபோது அந்தக் கூஜாவின் கழுத்தைச் சுற்றி முக்கோண வரிசை ஒன்று கீறியிருப்பதைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற பழக்கம் கிடையாது.

"அட, கோபுரக் கரை! காஞ்சிபுரம் பட்டுல வருமே. நம்ம ஆளுங்க கொண்டுபோனதுதான் மேடம் இது."

"உங்க கண்ணுக்கா, செஞ்சவங்க கண்ணுக்கா?"

"எல்லார் கண்ணுக்கும்தான்."

"செஞ்ச அம்மாகிட்ட கேட்டேன், மூங்கில் குருத்துன்னாங்க. பக்கத்து வீட்டுல அதே கோட்டைப் போடுறவங்க, பேரெல்லாம் தெரியாது, எங்க அத்தை போட்டாங்க போடுறேன்னாங்க. விக்கிறவரு சுற்றுலாக்காரங்ககிட்ட மலைன்னு சொல்றாரு. இப்ப நீங்க கோபுரம்ங்கறீங்க. நான் எதை எழுதறது, சொல்லுங்க?"

"அந்த அம்மா சொன்னதை எழுதுங்க."

"அவங்களுக்கு யார் சொன்னாங்க?"

விக்கல் நின்றுவிட்டது. குழப்பத்துக்கு அந்தச் சக்தி உண்டு என்று அன்று கண்டுபிடித்தேன்.

தொழிற்சாலையிலும் அவர் இதே வேலைதான். ஒரு நாள் சூளைக்காரரிடம், கிளேஸ் என்கிற மேல்பூச்சு சரியாக உருகிவிட்டது என்று எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறார். எஞ்சினியர் சொன்னார் என்று அவர் என்னைக் கைகாட்டினார். கையேட்டில் இருக்கிறது என்று நான் மாடியைக் கைகாட்டினேன். மாடியில் கையேடு எழுதியவர், "சூளைக்காரரிடம் கேட்டுத்தான் எழுதினேன்" என்றாராம். அன்று முழுக்க மேடத்துக்கு ஒரே சந்தோஷம். லாட்டரி விழுந்தவர் போல நடமாடினார். எனக்குத்தான் அன்றிரவு தூக்கமில்லை. யாருக்குமே தெரியாமல் இத்தனை டைல்ஸ் எப்படி வெந்துகொண்டிருக்கின்றன?

அப்படிப்பட்ட நாட்களில்தான் டாம் மலேசியாவிலிருந்து திரும்பினார். டாம் எங்கள் விற்பனை மேலாளர். உலகம் முழுக்கப் போவார், எல்லா ஊரும் ஒரே மாதிரி இருந்ததாக வந்து சொல்வார். மீட்டிங்கில் அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"கடற்கரையில பெரிய ஹோட்டல் வருது. ஆர்க்கிடெக்ட் மலாய்க்காரர். அவருக்கு மலாய் டிசைன்ல டைல்ஸ் வேணுமாம். வரைபடத்துல கை வெச்சு ஒரு வார்த்தை சொன்னார். கோலம். யாருக்காவது தெரியுமா?"

"அந்த வரைபடம் எங்கே?" என்றார் பாஸ்.

"என் பெட்டியில."

"பெட்டி?"

"விமானக் கம்பெனி தேடிக்கிட்டிருக்கு."

கோலம்! கிளாஸ்கோவோ கிளீவ்லாந்தோ என்று அவர் ஏதாவது சொல்லியிருந்தால் நான் பேசாமல் டோனட் தின்றிருப்பேன். என் வீட்டு வாசலில், என் தாய் குனிந்து போட்ட கோலம், பூமியைச் சுற்றிக்கொண்டு என் கிரீன் கார்டைக் காப்பாற்ற வந்திருக்கிறது. கை தானாக மேலே போயிற்று. புள்ளி என்றால் என்ன, சிக்கு என்றால் என்ன, மார்கழி என்றால் என்ன என்று கரும்பலகையில் போட்டு விளக்கினேன். ஒரே ஒரு விக்கல்கூட வரவில்லை. அந்த அறையில் எதையாவது தெரிந்த ஒரே ஆள் நான் என்பது போல பாஸ் என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வைக்காகத்தானே மனிதன் கடல் கடந்து வருகிறான்.

"எதற்கும் நூலகத்தில் ஒரு வார்த்தை சரிபார்த்துக்கொள்" என்றார் பாஸ். போனேன், ஒரு சம்பிரதாயத்துக்கு.

"மேடம், மலேசியா ஹோட்டல்ல நம்ம கோலம் கேக்கறாங்க!"

"உங்க கோலமா, எங்க கோலமா?"

எனக்குச் சுருக்கென்றது. இந்தியத் தமிழன், மலேசியத் தமிழன் என்று கோலத்திலும் பாகப்பிரிவினையா?

"கோலத்துல என்ன மேடம் உங்க, எங்க? கோலம்னா ஒண்ணுதான்."

"யார் சொன்னது?"

"நான் சொல்றேன்."

"உங்ககிட்ட?"

"டாம்."

"டாம்கிட்ட?"

"ஆர்க்கிடெக்ட்."

"எதைக் காட்டிச் சொன்னாராம்?"

"மேடம், கோலத்துக்குமா ஆதாரம்? எங்கம்மா தினம் போடுவாங்க மேடம்!"

"அம்மா போட்டது சரி. அவரு எதுக்குக் கேக்குறாருன்னு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு வாங்க. அப்புறம் பேசுவோம்லா."

நான் திரும்பிப் போகவில்லை. போன் போட்டுக் கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடாதா? தெரியும் என்று தூக்கிய கை, போனைத் தூக்குமா?

டிசைன் வரைந்தது என் மனைவி ராஜி. சமையலறை லினோலியத் தரையில் சாக்பீஸால் போட்டாள். நான் அதைப் பார்த்துக் காகிதத்தில் இறக்கினேன்.

"ஏங்க, இதை ஹோட்டல்ல எங்க போடப்போறாங்களாம்?"

"தரையிலதான்."

"எந்தத் தரையில? ரூமுலயா, குளிக்கிற எடத்துலயா?"

"தெரியாது."

"போட்ட கோலத்தை ஈரக்காலோட மிதிச்சுக்கிட்டுப் போவாங்களே. கேக்க மாட்டீங்களா?"

"நீயும் ஆரம்பிச்சிட்டியா?"

"யாரு முதல்ல ஆரம்பிச்சா?" என்றாள். அவள் அந்த அம்மாளைப் பார்த்ததுகூட இல்லை.

ஆர்க்கிடெக்ட் நியூயார்க்கில் வேறு வேலையாக வந்தவர், மாதிரிகளைப் பார்க்கத் தொழிற்சாலைக்கே வந்தார். மெலிந்த, மரியாதையான மனிதர். ராஜியின் கோலங்களைக் கருநீலத்தில் வெள்ளையாக அச்சிட்டு, சுட்டு, காட்சி அறையில் ஒரு சுவர் முழுக்கப் பதித்து வைத்திருந்தோம். நான் கழுத்தில் டை, நெற்றியில் லேசாகத் திருநீறு. அவர் சுவர் ஓரமாக மெதுவாக நடந்தார்.

"மிக அழகு. தீபாவளி சமயத்தில் எங்கள் ஊர்க் கடைகளிலும் இதைப் போடுவார்கள்" என்றார். பிறகு பாஸைப் பார்த்து, "கோலத்துக்கான டைல்ஸ் எங்கே?" என்றார்.

"இதுதான் கோலம்" என்றேன் நான்.

"ஆமாம், இது கோலம்தான். நான் கேட்பது கோலத்துக்கு."

"கோலத்துக்குத்தான் இந்தக் கோலம்."

"இல்லை, என் கோலத்துக்கு. தண்ணீர் பட்டாலும் வழுக்கக் கூடாது."

முதல் விக்கல் வந்தது. தண்ணீர் ஏன் படுகிறது? சாணம் தெளிக்கிறார்களா? டாம் நடுவில் புகுந்து, பெரிய கோலம், அழகான கோலம் என்று கையை அகல விரித்தார். ஆர்க்கிடெக்டும் தலையாட்டி, ஆழமான கோலம் என்றார். எனக்கு அது தத்துவமாகத் தெரிந்தது. ஆமாம், மிக ஆழமானது, வாழ்க்கையே அதில் அடக்கம் என்றேன், இடையிடையே விக்கிக்கொண்டு. குழந்தைகளுக்கு ஆழம் குறைவாக ஒன்று வேண்டும் என்றார் அவர். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உலகத்திலேயே மிகவும் ஒத்துப்போகிற, மிகவும் புரியாத நான்கு பேர் அந்த அறையில் இருந்தோம்.

பாஸ் நூலகத்துக்குப் போன் போட்டார்.

மேடம் வந்தார், கையில் கூஜாவோடு. என் விக்கல் போன் வழியாகவே கேட்டிருக்கும். எனக்கு ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஆர்க்கிடெக்டிடம் மலாயில் ஏதோ கேட்டார். அவர் பதில் சொல்லத் தொடங்கி, பாதியில் என் சுவரைத் திரும்பிப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டார். மேடம் சிரிக்கவில்லை. கரும்பலகையில் ஒரு பெரிய செவ்வகம் போட்டார். உள்ளே அலை அலையாகக் கோடுகள். ஓரத்திலிருந்து தலைகீழாகக் குதிக்கும் ஒரு சின்ன மனிதன்.

"நீச்சல் குளம்" என்றார் பாஸ், மெதுவாக.

மலாயில் கோலம் என்றால் குளம். அந்தக் குதிக்கிற மனிதன் நான்தான் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தண்ணீர் இல்லாத குளத்தில்.

ஆர்க்கிடெக்டை டாம் சாப்பிட அழைத்துப் போனார். பாஸ் கதவைச் சாத்தினார். நானும் மேடமும் நின்றோம். ஊருக்குப் போனால் பிஸ்கட் கம்பெனி மூடிவிட்டது என்று அம்மாவைச் சொல்லச் சொல்லலாம் என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

"இதில் யாருடைய தப்பு?" என்றார் பாஸ். கேள்வி மேடத்துக்கு, பார்வை எனக்கு.

மேடம் கூஜாவை மேஜை மேல் வைத்தார்.

"எந்தத் தப்பு?" என்றார்.

"என்ன, எந்தத் தப்பு?"

"நிறைய இருக்கு. படத்தைப் பெட்டியில போட்டுட்டு வார்த்தையை மட்டும் கொண்டுவந்ததைக் கேக்கறீங்களா? அந்த வார்த்தை எந்த மொழின்னு இந்த ரூம்ல யாரும் கேக்காததையா?"

"இவருக்குத் தெரியும் என்றார்."

"இவருக்குத் தெரிஞ்சது சரிதானே? கோலம் பத்தி இவர் சொன்னது எல்லாமே சரி. கேட்டது வேற, அவ்வளவுதான். இல்ல, வாடிக்கையாளர் பாக்கறதுக்கு முன்னாடியே இத்தனை டைல்ஸ் சுடலாம்னு சொன்னதைக் கேக்கறீங்களா? அது யார் சொன்னது? அதை நான் விசாரிக்கலை. விசாரிக்கணுமா?"

சுடலாம் என்று கையெழுத்துப் போட்டவர் பாஸ். நான் ஒரு முறை விக்கினேன். பாஸ் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

"வேண்டாம்" என்றார். "குளத்துக்கு என்ன வேண்டுமாம்?"

மேடம் கூஜாவின் கழுத்தைக் காட்டினார். அதுதான் கடைசியில் போயிற்று. வழுக்காத நீல டைல்ஸ், ஓரத்தில் முக்கோண வரிசை. ஆர்க்கிடெக்ட் அதை மூங்கில் குருத்து என்றார், பாஸ் பிரமிட் என்றார், ராஜி கோபுரக் கரை என்றாள். டாம் அட்டைப்பெட்டி மேல் கிறிஸ்துமஸ் மரம் என்று எழுதி அனுப்பிவைத்தார். எதிர்காலத்தில் யாராவது அந்தக் குளத்தை ஆராய்ந்தால் அவர் பாடு.

அந்த விசாரணைக்கு மறுநாள் நான் நூலகத்துக்குப் போனேன்.

"மேடம், உங்களுக்கு முன்னாடியே தெரியும்ல? நேரா சொல்லியிருக்கலாமே. எனக்கு உயிரே போயிடுச்சு."

"எனக்கு எப்படித் தெரியும் தம்பி? எங்க ஊர்ல உங்க கோலத்துக்கும் கோலம்தான் பேரு, குளத்துக்கும் கோலம்தான். அவர் எதைச் சொன்னாருன்னு அவருக்குத்தானே தெரியும்?"

"சரி. நேத்து பாஸ்கிட்ட அப்படிக் கேட்டீங்களே, அது எனக்காகவா? இல்ல, உங்களுக்கு எப்பவும் வர்ற கேள்வியா?"

இரண்டு கடிகாரங்களையும் பார்த்தார்.

"பசியாறியாச்சா?" என்றார்.

இன்றுவரை எனக்கு அது புரியவில்லை. இப்போது எனக்கு அவருடைய அப்போதைய வயது. கிரீன் கார்டு வந்து, அதில் இருந்த புகைப்படமும் பழசாகிவிட்டது. அவர் என்னைக் காப்பாற்றினாரா, அல்லது நான் அவருடைய கேள்வியின் கீழ் தற்செயலாக நின்றிருந்தேனா? வாரத்துக்கு ஒருமுறையாவது காரில் போகும்போது இதை எடுத்துப் பார்க்கிறேன். சில நாள் அப்படி, சில நாள் இப்படி.

ஆராய்ச்சி முடிந்து அவர் ஊருக்குத் திரும்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். பனி பெய்து, வெயில் வந்து, உருகிக்கொண்டிருந்த பகல். விற்காத கோல டைல்ஸில் கொஞ்சத்தை ராஜி வாங்கிவந்து வாசற்படிக்கு முன்னால் பதிக்க வைத்திருந்தாள். தினமும் போட வேண்டாம், மிதித்தால் அழியாது, பாத்ரூம் தரைக்குப் போகிறதைவிட வாசல் கௌரவம் என்பது அவள் கட்சி. பதித்தவன் நான் என்பதால் நடுவில் பள்ளம். கூரையிலிருந்து சொட்டிய பனித்தண்ணீர் முழுக்க அங்கே தேங்கி, புள்ளியும் சிக்கும் தண்ணீருக்கு அடியில் அசைந்துகொண்டிருந்தன.

எந்த மேடம் பூட்ஸ் காலோடு அதன் முன் நின்றார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். கேள்வி வரும் என்று தெரியும். வார்த்தைகள்கூடத் தெரியும். விக்கலுக்கே தயாராக இருந்தேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, கோலத்தை மிதிக்காமல், குளத்தில் கால் படாமல், ஒரே தாவாகத் தாவி உள்ளே வந்தார்.

எதுவும் கேட்கவில்லை.